அம்சம் என்றால் பங்கு

(திருநீர்மலையில் நடந்த மகளிர் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று முகூர்த்த நாள். நான் வரும்போதே மலையடிவாரத்தில் நாகஸ்வரம் கேட்டது. மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி கோயில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்று நான்கு விதமாகப் பெருமாள் காட்சி தரும் ஊர் இது. பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டையிலிருந்து மட்டுமல்ல, எங்கெங்கிருந்தோ வந்து இங்கே தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள். இப்படிக் கல்யாணத்துக்குப் பேர்போன ஊரில் பிரிவையும் ஜீவனாம்சத்தையும் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்தபோது, இங்கேதான் பேச வேண்டும் என்று பட்டது. ஏன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஜீவனம், அம்சம். பிழைப்புக்கான பங்கு. அம்சம் என்றால் பங்கு. வீடு பாகம் பிரிக்கும்போது "என் அம்சம் எங்கே" என்று கேட்கிறோமே, அதே அம்சம். அண்ணன் தம்பி பாகம் கேட்டால் அது உரிமை. மனைவி ஜீவனாம்சம் கேட்டால் மட்டும் "அவன்கிட்ட போய் கையேந்தறியா" என்று பெற்றவர்களே கேட்கிறார்கள். என்னைத் தேடி வருகிற பத்துப் பெண்களில் பாதிப்பேர் முதல் வாக்கியமாக, "அவங்க காசு எனக்கு வேணாம் மேடம், என் பிள்ளைக்கு மட்டும் வாங்கிக் கொடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். அந்த ரோஷத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது தப்பான இடத்தில் காட்டுகிற ரோஷம்.

என் அத்தை ஒருவர் பம்மலில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பதினொரு வருடம் குடும்பம் நடத்தியவர். மாமியாருக்குப் படுக்கையிலேயே எல்லாம் செய்தவர். கணவர் வேறொரு பெண்ணோடு போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். அவரை ஊர் எந்தச் சொல்லால் அழைத்தது என்று உங்களுக்குத் தெரியும். வாழாவெட்டி. ஓடிப்போன ஆளுக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. அத்தை கடைசிவரை எங்கள் வீட்டுச் சமையலறையில் வேலை செய்தார். ரவிக்கைத் துணி வேண்டுமென்றால் கூட என் அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு நாள் பூராவும் பேசாமல் இருப்பார். நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் என் அப்பாதான். நான் சட்டம் படித்ததற்கு அத்தைதான் காரணம்.

அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால்தான் என்ன கிடைத்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுதான் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவாகத் திறந்திருந்த கதவு. அதில் ஒரு மனைவிக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது. அந்த 500 மட்டும் 2001 வரை அசையவில்லை.

அந்த 500 ரூபாயைத்தான் 1978-இல் இந்தூரில் ஷா பானு என்ற மூதாட்டி கேட்டார். நாற்பத்து மூன்று வருடம் வாழ்ந்து, ஐந்து பிள்ளை பெற்றவர். கணவர் வழக்கறிஞர். வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார், வழக்கு நடக்கும்போதே மணவிலக்கும் செய்துவிட்டார். கீழ் நீதிமன்றம் மாதம் 25 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. இந்தத் தொகையைக் கொடுக்க மனமில்லாமல்தான் அந்தக் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 ஏப்ரலில் அங்கே தோற்றார். அதன்பின் எழுந்த அரசியல் புயலும், 1986-இல் வந்த தனிச் சட்டமும் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புயலில் எல்லோரும் மதத்தைப் பற்றிப் பேசினார்கள். நூற்று எழுபத்தொன்பது ரூபாயில் ஒரு கிழவி எப்படி மாதம் கடத்துவாள் என்று கேட்டவர்கள் குறைவு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் இந்த 125-ஆவது பிரிவில் வரலாம் என்று மறுபடி தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி நாகரத்னா, வீட்டைப் பார்த்துக்கொள்கிற மனைவிக்குக் கூட்டு வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் இருக்க வேண்டும் என்றுகூட எழுதினார். என் அத்தை அதைப் படித்திருக்க வேண்டும்.

இப்போது நடப்புக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் 125-ஆவது பிரிவு புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவாகிவிட்டது. எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். இது தவிர வேறு வாசல்களும் உண்டு. இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து வழக்கு நடக்கிறதென்றால், 24-ஆவது பிரிவில் வழக்கு முடியும்வரை மாதாமாதம் கேட்கலாம், வழக்குச் செலவும் கேட்கலாம். முடிந்தபின் 25-ஆவது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இதே ஏற்பாடு உண்டு. விவாகரத்தே வேண்டாம், தனியாக இருந்தால் போதும் என்கிற இந்துப் பெண்ணுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடி உதை இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதில் பணத்தோடு, குடியிருக்கும் உரிமையும் சேர்த்துக் கேட்கலாம். "வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு உரிமை இல்ல" என்று வெளியே தள்ளியவர்கள் உண்டு. அந்த வாதம் செல்லாது, குடும்பமாகக் குடியிருந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே இருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த வாசல் உங்களுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது வேறு. தேதி.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. நாக்பூரிலிருந்து போன வழக்கு. இடைக்கால ஜீவனாம்சம் கேட்ட மனு ஏழு வருடம் இழுத்தடிக்கப்பட்டிருந்தது. இடைக்காலம் என்பதே ஏழு வருடம்! ஜீவனாம்சம் எந்த நாளிலிருந்து கணக்கு என்பதில் அதுவரை நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வேறுபாடு இருந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து என்று அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. இதை நம் வீட்டுக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு பெண் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று வையுங்கள். "பெரியவங்க பேசிப் பார்ப்பாங்க", "ஆடி முடியட்டும்", "மாப்பிள்ளை மனசு மாறுவாரு" என்று தீபாவளி வந்துவிடுகிறது. அப்போது மனுப் போடுகிறாள். மாதம் 8,000 என்று உத்தரவானால், அந்த ஒன்பது மாதத்து 72,000 போனது போனதுதான். மனுப் போடாத மாதத்துக்குப் பணம் கிடையாது.

அதற்காகச் சமாதானம் பேசக் கூடாது என்கிறேனா? தாராளமாகப் பேசுங்கள். மனுப் போட்டுவிட்டுப் பேசுங்கள். சேர்ந்து வாழ முடிந்தால் மனுவைத் திரும்பப் பெறுவது ஒரு நாள் வேலை. குடும்ப நீதிமன்றத்திலேயே ஆலோசகர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். பேச்சுவார்த்தை நடக்கிற காலத்துக்குச் சோறு யார் போடுவது என்பதுதான் என் கேள்வி. அந்தச் சோற்றைப் பெண்ணைப் பெற்றவர்தான் போட வேண்டும் என்று நாம் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நம் ஊரில் பிரச்சினை என்றதும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம். 1992-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிற ஏற்பாடு, அடிபட்ட எத்தனையோ பெண்களுக்கு உயிர்காத்த இடம். ஆனால் மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அங்கே எழுதி வாங்குகிற உறுதிமொழியை அவர் மீறினால், நீங்கள் மறுபடி முதல் படியில் நிற்பீர்கள். புகார் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் நீதிமன்றத்துக்கு வந்துவிடுங்கள்.

எந்த நீதிமன்றம் என்று கேட்பீர்கள். கணவர் ஊர் திருநெல்வேலி, கல்யாணம் அங்கே நடந்தது, ஆனால் இப்போது நீங்கள் திருநீர்மலையில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டாம். 144-ஆவது பிரிவு மனுவை மனைவி குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று சட்டமே சொல்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவர்தான் இங்கே வர வேண்டும்.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். கல்யாணம் நடந்ததா என்பதுதான் ஜீவனாம்ச வழக்கில் எதிர்த்தரப்பு கிளப்புகிற முதல் தகராறு. கேட்பவர் யார் தெரியுமா, தாலி கட்டியவர்தான். வீட்டுக்குத் தெரியாமல் நாலு நண்பர்களோடு வந்து கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு. கோயில் ரசீதை வாங்கிய நண்பன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவர் ஆனாலும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். செய்வதில்லை. ஐந்து வருடம் கழித்து, "இவங்க யாருன்னே தெரியாது" என்று பதில் மனு வருகிறது.

ஆனாலும் பயப்பட வேண்டாம். ஜீவனாம்ச மனுவில் கல்யாணத்தை இம்மியளவும் பிசகாமல் நிரூபிக்கச் சொல்லக் கூடாது, கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும் என்பதே நீதிமன்றங்கள் எடுத்துவந்திருக்கிற நிலை. ரேஷன் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கைப் படிவம், எல்.ஐ.சி. வாரிசு நியமனம், எல்லாமே சாட்சிதான்.

இதைவிடக் கொடுமை, ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதை மறைத்துக் கட்டியவர்கள். "முதல் கல்யாணம் இருக்கிறதால இது செல்லாது, அதனால நான் ஒண்ணும் தர வேண்டியதில்ல" என்று தன் குற்றத்தையே கேடயமாகப் பிடிப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மனைவி அந்தஸ்து இல்லாத பெண்ணைக் குறிக்க 'வைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தியது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லை வெளிப்படையாகவே கண்டித்தார். மாதம் 500 ரூபாய்க்காக வருடக் கணக்கில் அலைந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. மூன்று வருடம் கழித்து, முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றிய கணவன் தன் ஏமாற்றிலேயே லாபம் அடையக் கூடாது, ஜீவனாம்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், செல்லாத திருமணம் என்று அறிவிக்கப்பட்டாலும் இந்து திருமணச் சட்டத்தில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது.

சரி, எவ்வளவு கிடைக்கும்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று ஊரில் ஒரு கணக்கு உலவுகிறது. 2017-இல் ஒரு வழக்கில், கையில் வாங்குகிற சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது அது. சட்டத்தில் அப்படி ஒரு வாய்பாடு கிடையாது. அவர் வருமானம், சொத்து, அவரை நம்பி இருக்கிறவர்கள், உங்கள் படிப்பு, வேலை, எத்தனை வருட வாழ்க்கை, பிள்ளைகளின் செலவு, அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் தொகை. அதனால்தான் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்பு, இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் பொய் சொன்னால் தனிக் குற்றம். இது இரண்டு பக்கமும் வெட்டும். தையல் வருமானம் 6,000 வந்தால் அதை மறைக்காதீர்கள். வேலைக்குப் போகிற மனைவிக்கு ஜீவனாம்சமே கிடையாது என்பது தவறு. கிடைப்பது போதவில்லை என்றால் மீதியைக் கேட்கலாம். மறைத்து மாட்டிக்கொண்டால்தான் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

சம்பளச் சீட்டு இருக்கிற வீட்டில் இது எளிது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் சம்பளச் சீட்டு இருக்கிறது? மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் கம்பெனி வேலை என்றால் வங்கிக் கணக்கில் வரும். நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைக் கூலி, ஆட்டோ, பெயின்டிங், சாப்பாடு டெலிவரி என்றால் எதைக் காட்டுவது? "மாசம் ஏழாயிரம்தான் வருது" என்று அவர் எழுதிக் கொடுப்பார். வண்டித் தவணை எவ்வளவு கட்டுகிறார், வீட்டு வாடகை எவ்வளவு, ஜிபேயில் என்ன போகிறது வருகிறது என்று கேட்டால் உண்மை தெரியும். ஏழாயிரம் வருகிறவர் ஒன்பதாயிரம் தவணை கட்ட முடியாது. அதனால் சேர்ந்து இருந்த காலத்துத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். வேலையே இல்லை என்று சொல்பவருக்கும் 2022-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்த கேடயம், "நான் சேர்ந்து வாழத் தயார், அவதான் வரமாட்டேங்கிறா" என்கிற நோட்டீஸ். தகுந்த காரணம் இல்லாமல் சேர்ந்து வாழ மறுத்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்தில் இருப்பது உண்மை. தகுந்த காரணம் என்பதுதான் அதில் உயிர்நாடி. வேறொருத்தியோடு வாழ்கிற ஆள் அழைத்தால், போக மறுப்பது நியாயமான காரணம் என்று சட்டமே எழுதியிருக்கிறது. சேர்ந்து வாழ வா என்று நீதிமன்றத்தில் உத்தரவே வாங்கி வைத்திருந்தாலும், அவள் போகாததற்கு நியாயம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள். மௌனம் அவருக்குச் சாட்சியாகிவிடும்.

பஞ்சாயத்தில் 'தீர்த்துக்கொள்வது' பற்றி ஒரு வார்த்தை. இருபது ரூபாய் பத்திரத்தில், "இனிமேல் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, நகையில் பாதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நகை யாருடையது? அவள் அப்பா போட்டது. தன் பொருளில் பாதியை வாங்கிக்கொண்டு தன் உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறாள். அப்படிக் கொடுத்திருந்தாலும் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள், பெயருக்குக் கொடுத்த ஒரு தொகை சட்ட உரிமையை அழித்துவிடாது என்று 1978-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுதினார். ஆனால் கையெழுத்துப் போட்டபின் போராடுவது மலையேறுவது போல. பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் ஒரே தொகையாக வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, நீதிமன்றத்தின் முன்னால், வரைவோலையாக, பிள்ளையின் பங்கைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

உத்தரவு வாங்கியபின்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். இரண்டு மாதம் கொடுப்பார், நிறுத்துவார். நிறைவேற்றக் கோரும் மனுவை, பணம் பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "மொத்தமா சேரட்டும்" என்று மூன்று வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வழியில் பழைய பாக்கி கை நழுவிவிடும். வேண்டுமென்றே கொடுக்காதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது.

கதவோரம் நிற்கும் தம்பிகளே, உங்களையும் மறக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 24, 25 இரண்டு பிரிவுகளிலும் கணவனும் கேட்கலாம். விபத்தில் முடங்கிப்போன ஒருவர், நன்றாகச் சம்பாதிக்கிற மனைவியிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. ஜீவனாம்சம் ஆண்களுக்கான தண்டனை என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு எழுதினார். கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்பினார், மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார், சொத்து வாங்கினார்கள், பிறகு தகராறு. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. அது ஜீவனாம்ச வழக்கு இல்லை. ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன அம்சம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல உரை இதுவரை நான் படிக்கவில்லை. நீங்கள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போனீர்கள் என்றால், அந்தச் சம்பளத்தில் இஸ்திரி போட்ட கைக்கும் பங்கு இருக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். வீட்டில் ஆபத்து என்றால் 181.

வலது பக்கம் அந்த மேசையில் என்னோடு வந்த இரண்டு இளம் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை ஆறு வரை இருப்போம். பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். கல்யாணப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். யாருக்காவது வீட்டில் அத்தையோ சித்தியோ இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படி ஏற முடியாதவர்களிடம் நாங்களே இறங்கி வருகிறோம்.